முதலில் வேலி

அந்த ஆன்ட்டியை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாராவது கெட்டவர் என்று சொன்னால் சண்டைக்குப் போவேன். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் யாராவது அவருக்கு அனுப்பி வைப்பார்கள். படித்துவிட்டு உடனே போன் பண்ணுவார். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "வேலி நிக்குதோ பிள்ளை?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

முதல் தடவை அவரைப் பார்த்தது எங்கள் வீட்டுச் சாம்பல் மேல். ஃப்ரீமான்ட்டிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் தள்ளி, பைன் மரங்கள் சூழ்ந்த மலை ஊர் எங்களுடையது. ஆபீஸ் போக வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை என்று எல்லோரும் கொண்டாடிய காலத்தில் வாங்கினோம். பே ஏரியாவில் கார் ஷெட் கூட வாங்க முடியாத பணத்துக்கு இங்கே தோட்டமும் கிணறும் வைத்து வீடே கிடைத்தது. ஒரு காட்டுத்தீ, ஒரே ஒரு மத்தியானம், தெருவில் ஒரு வீடு மிச்சமில்லை. சில வாரம் கழித்து உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று போலீஸ் விட்டபோது, உருகி நின்ற வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டு நான் மரம் மாதிரி நின்றிருந்தேன். அப்போதுதான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையில் மண்வெட்டியுமாக ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் சின்னதாகத் திருநீறு, தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட மாஸ்க்.

"எல்லைக்கல் எங்க பிள்ளை?"

"என்னது?"

"உங்கட காணியின்ர மூலைக்கல். எங்க இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீடே போயிடுச்சு. கல்லு எங்கன்னு கேக்கறீங்க?"

"வீடு போனது எனக்கும் தெரியுது, கண் இருக்கு. காணி போகேல்லை. அது எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு பார்க்க வேணும்."

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அந்த நிமிஷம் உடைந்துகொண்டு வந்தது. தோளைத் தொடுவார், தண்ணீர் கொடுப்பார் என்று பார்த்தால், மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "அழுறதெண்டால் அழுங்கோ. ஆனா நடந்துகொண்டு அழுங்கோ. மத்தியானத்துக்கு முதல் நாலு மூலையும் முடிக்க வேணும்."

நடந்துகொண்டே அழுதேன். இந்த ஊரில் எல்லைக்கல் என்பது தரையோடு தரையாக அடித்த இரும்புக் குச்சி. சாம்பலைத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கார் டிக்கியிலிருந்து ஆரஞ்சு நிற ரிப்பன் எடுத்து வந்து கட்டினார். நாலாவது ரிப்பன் கட்டி முடித்ததும் நிமிர்ந்து, "இப்ப சொல்லுங்கோ, இது ஆற்ற காணி?" என்றார். "எங்களோடது" என்றேன். "ஓம்" என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

கிணறு இருக்கிறது என்று சொன்னதும் மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. காட்டுங்கோ, காட்டுங்கோ என்று ஓடி வந்தார். தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினேன். "இதுவோ கிணறு? பூமிக்கு ஊசி குத்தின மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் அன்று முதல் நாங்கள் அவருக்குக் 'கிணத்துக் காணி' ஆனோம்.

அவர் எங்களுடைய கேஸ் மேனேஜர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. டிவிக்காரர்கள் கிளம்பிப் போய், பழைய துணி மூட்டைகள் வருவதும் நின்ற பிறகுதான் வீடு இழந்தவர்களுக்கு உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. சாம்பலை அள்ள ஒரு ஆபீஸ், வீடு கட்டும் வரை தங்குகிற ட்ரெய்லருக்கு ஒரு ஆபீஸ், பெர்மிட்டுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸுக்கு வாயில் நுரை தள்ளத் தள்ள இன்னொன்று. வருஷக்கணக்கில் அந்தந்தக் குடும்பத்தோடு கூடவே அலைவதற்கென்று, அந்தப் பக்கத்துத் தொண்டு அமைப்புகள் ஒன்று சேர்ந்து சிலரை வேலைக்கு வைத்திருந்தன. உங்கள் மொழி பேசுகிற ஒருவர் இருக்கிறார் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னபோது, மடியில் தலை வைத்து அழ ஓர் அம்மா வரப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்தது யாழ்ப்பாணத் தமிழில் ஒரு அதட்டல்.

அவர் யாரிடமும் ஸாரி சொல்லிப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்கிற வார்த்தை. ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் ஏன் சொல்ல வேணும்? நானோ கொளுத்தினனான்?" என்றார்.

மனிதர்களின் பெயரும் அவர் வாயில் வராது. எல்லோரும் காணிதான். 'ரெண்டு பைன் மரக் காணி'க்கு ட்ரெய்லர் வந்துவிட்டது, 'சரிவுக் காணி' கிழவன் மாத்திரை சாப்பிடாமல் அடம்பிடிக்கிறான், இந்த ரீதியில்தான் பேச்சு. சரிவுக் காணி கிழவன் ஒரு வெள்ளைக்காரர், ராணுவத்தில் இருந்தவர். இவரைக் கண்டால் அட்டென்ஷனில் நிற்பார்.

பெர்மிட் ஆபீஸில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் பேப்பரை வாங்காமல் அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வா என்று இழுத்தடித்தார்கள். இவர் கூட வந்தார். கவுன்ட்டரில் இருந்த ஆள் வழக்கம்போல அடுத்த வாரம் என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு, கவுன்ட்டருக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். புட்டும் கருவாட்டுக் குழம்பும். ஆபீஸ் பூராவும் வாசனை. நான் கூசிப்போய், "ஆன்ட்டி, என்ன பண்றீங்க?" என்று காலால் இடித்தேன். "சாப்பாட்டு நேரம் சாப்பிடுறன். பின்னேரத்துக்கும் கொண்டு வந்திருக்கிறன்" என்றார். அதையே அவனுக்கும் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் இன்னொருமுறை சொன்னார். டப்பா காலியாவதற்குள் எங்கள் பேப்பரில் முத்திரை விழுந்துவிட்டது.

வேலை முடிந்தால் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுவார். ஃப்ளாஸ்கில் பால் விடாத டீ. பனங்கட்டியை ஒரு கடி, டீ ஒரு வாய். அந்த நேரத்தில் மட்டும் ஊர்க்கதை வரும். அதுவும் ஒரே கதை, வேலிக்கதை. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த வீடு. நடுவில் வேலி. வேலிக்கு நட்ட கதியால் கம்பு அரை அடி தள்ளிப்போய்விட்டது என்று இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

"வருசக்கணக்கா வழக்கு. ரெண்டு பேரும் கதைக்க மாட்டினம். ஆனா கோட்டுக்குப் போறது ஒரே பஸ்ஸில. சித்தப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறது எங்கட அப்பாதான்."

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் சொல்லி வைத்தாற்போல அதே முடிவு: "முதல்ல வேலி. பிறகுதான் வீடு."

அந்தக் காணி இப்போது யாரிடம் என்று ஒருநாள் கேட்டேன். "கம்பிக்குள்ள" என்றார். ராணுவம் அந்தப் பக்கத்தையே வளைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஆகிவிட்டதாம். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு அகதி முகாமில் செத்துப்போனார்கள். "காணியைக் குடுக்கிறன் எண்டு நான் ஒரு பேப்பரிலயும் கையெழுத்து வைக்கேல்லை. வைக்கவும் மாட்டன்" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைத் தரையில் ஊற்றினார்.

அவர் எந்தக் காணிக்கு வேலி போடுகிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் அப்போது இருந்தது ஃப்ரீமான்ட்டில், என் கணவரின் அக்கா வீட்டுப் பின்னறையில். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி நல்லவர்தான். ஆனால் அடுத்தவர் அடுப்படி அடுத்தவர் அடுப்படிதானே. ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, மிளகாய் கொஞ்சம் கருகி, ஸ்மோக் அலாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எந்தத் தமிழ் வீட்டில் அது அடிக்காது? அண்ணி துண்டை எடுத்து விசிறிக்கொண்டே சிரித்தார். திரும்பிப் பார்த்தால் என் மகளைக் காணோம். பதினோரு வயது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் போய் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் எதையும் தாளிப்பதில்லை.

அதே வாரம்தான் மனையை வாங்கிக்கொள்வதாக ஒரு பில்டர் போன் பண்ணினான். அள்ளிக் கொடுக்கவில்லை, அடிமாட்டு விலையும் இல்லை. என் கணவருக்குப் போன உயிர் வந்துவிட்டது. "வித்துட்டு இங்கேயே ஒரு டூ பெட்ரூம் வாடகைக்குப் பாத்துக்கலாம்மா. இவ ஸ்கூல் மாத்த வேணாம். என்னையும் ஆபீஸ்க்கு வரச் சொல்லி மெயில் மேல மெயில் போடறான்" என்றார். அண்ணியும் அதையேதான் சொன்னார். எனக்கும் முக்கால் மனசு வந்துவிட்டது. கேஸ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போன் பண்ணினேன்.

விற்கவா வேண்டாமா என்று கேஸ் மேனேஜர் சொல்லக் கூடாது. அது அவர்கள் வேலையின் முதல் விதி. வழி காட்டலாம், முடிவு குடும்பத்துடையது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மறுநாள் காலையில் அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அண்ணி வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"வேலை விசயமா வரேல்லை. அதை வீட்டில விட்டுட்டு வந்தனான்" என்று ஆரம்பித்தார். "காணியை விக்காதேங்கோ."

"இல்ல ஆன்ட்டி, குழந்தை பயப்படறா" என்றார் என் கணவர்.

"பயம் போகும் தம்பி. காணி போனா வராது. இண்டைக்கு அக்கா வீடு, நாளைக்கு வாடகை வீடு. வாடகை வீட்டில ஒரு ஆணி அடிக்கவும் ஒருத்தனிட்டக் கேக்க வேணும். நான் இந்த நாட்டில எத்தினை வீடு மாறினனான் எண்டு எனக்கே தெரியாது. ஒண்டும் என்ர இல்லை. என்ர எண்டு சொல்லுறதுக்கு அந்தக் கம்பிக்குள்ள இருக்கிற துண்டு மட்டும்தான். அது இருக்கிறபடியாத்தான் நான் நிமிர்ந்து நடக்கிறன்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா வீடு என்று சொன்னது சுருக்கென்று தைத்திருக்கும். எனக்கோ, கடுகு போடக்கூட அனுமதி கேட்டு நின்ற எனக்கோ, யாரோ என் வயிற்றுக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் பேசுவது மாதிரி இருந்தது. "விக்க வேணாங்க" என்றேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதலில் வேலி போட்டோம். மரத்தில் போட்டால் நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வரும் என்று கட்டட இன்ஸ்பெக்டர் சொன்னதால் இரும்புக்கால், கம்பிவலை. ஆன்ட்டி நூல் பிடித்து, நின்று, வேலைக்காரர்களைத் திட்டி, ஓர் அங்குலம் பிசகாமல் போட வைத்தார். ஆனால் கம்பிச் சுருளை மட்டும் கையால் தொடவே இல்லை. நகர்த்த வேண்டியிருந்தால் காலால் தள்ளினார். பிறகு வீடு எழும்பியது. கூரையில் தகடு, சீலிங்கில் தண்ணீர் தெளிக்கிற குழாய், அடுப்பு கூட நெருப்பில்லாத அடுப்பு. எங்கள் கையில் சாவியைக் கொடுத்த அன்று அந்த அமைப்பிலிருந்து எல்லோரும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆன்ட்டி போட்டோவுக்கு நிற்கவில்லை. நாலு மூலையும் சுற்றிவிட்டு வந்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். எங்கள் தெருவில் திரும்பி வந்தது நாங்கள் மட்டும். இந்தப் பக்கத்துக் குடும்பம் டெக்சாஸுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் சரிவுக் காணி கிழவன். ஆன்ட்டி சொன்னதைக் கேட்டு அவரும் விற்கவில்லை. ஆனால் கட்டுவதற்குள் ட்ரெய்லரிலேயே செத்துப்போனார். என் கணவருக்கு வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மகள் புது வீட்டில் ஒரே ஒரு வாரம் இருந்தாள். காற்றடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கடைசியில், "அம்மா, யூ லைக் த ஹவுஸ், யூ ஸ்டே. ஐ கான்ட்" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு ஃப்ரீமான்ட்டுக்கே போய்விட்டாள். இப்போது அவளுக்கு அண்ணி வீடுதான் வீடு. அண்ணியைத்தான் முதலில் கூப்பிடுகிறாள்.

நானும் கிளம்பியிருக்கலாமே என்பீர்கள். வீட்டைப் பூட்டிப் போட்டால் இருக்கிற கொஞ்ச இன்ஷூரன்ஸையும் பிடுங்கிக்கொள்வார்கள். இந்த மலைக்கு இன்ஷூரன்ஸ் தரவே ஆளில்லை. தருகிற ஒருத்தன் கேட்பதைக் கொடுத்து மாளவில்லை. ஆகவே நான் இங்கே உட்கார்ந்து ஆஸ்பத்திரி பில்களை கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையைச் செய்துகொண்டு, வீட்டுக்குக் காவல் இருக்கிறேன். சனிக்கிழமை அவர்கள் வருவார்கள். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை என்று ஆகி, இப்போது வர முடிந்தால் வருகிறார்கள். வீடு கிடைத்தது. வீட்டில் இருக்க வேண்டியவர்கள்தான் இல்லை.

இதற்குள் ஆன்ட்டியின் வேலையும் முடிந்துபோயிருந்தது. தொண்டு அமைப்புக்கு வருகிற பணம் நின்றதும், போதும், எல்லோரும் மீண்டுவிட்டார்கள் என்று கடையைக் கட்டிவிட்டார்கள். அவர் நாட்டின் அந்தக் கோடியில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டார். ஆனால் எங்கள் பக்கம் காற்று எச்சரிக்கை வந்தால் எனக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும். அங்கிருந்து போன் வரும். "பை கட்டி வச்சனீங்களோ? கார் தெருவைப் பார்த்து நிக்குதோ? வேலி நிக்குதோ?" என் மகள் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஒருநாள், காற்றும் இல்லை எச்சரிக்கையும் இல்லை, போன் வந்தது. குரலில் அப்படி ஒரு துள்ளல். "பிள்ளை, காணியை விட்டுட்டாங்கள்! கம்பியை எடுத்துட்டாங்களாம். நான் போறன்." சத்தியமாகச் சொல்கிறேன், என் கஷ்டமெல்லாம் மறந்து சந்தோஷப்பட்டேன். ஆரஞ்சு ரிப்பன் எடுத்துப் போங்கள் என்று கிண்டல் கூடப் பண்ணினேன்.

போனவரிடமிருந்து பேச்சே இல்லை. திரும்பி வந்து நாளாகிவிட்டது என்று மகன் சொல்லித்தான் தெரிந்தது. நானே போன் பண்ணினேன்.

"எப்படி இருக்கு ஆன்ட்டி உங்க காணி? வேலி போட்டாச்சா?"

"வித்துப்போட்டன்."

லைன் கோளாறோ என்று நினைத்தேன். "என்ன பண்ணீங்க?"

"வித்துப்போட்டன் பிள்ளை."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அண்ணி வீட்டு சோபால உக்காந்து என்ன சொன்னீங்க? விக்காதீங்க, விக்காதீங்கன்னு என் புருஷன் வாயை அடைச்சீங்களே! உங்க பேச்சைக் கேட்டுத்தானே நான் இங்க பேய் மாதிரி தனியா உக்காந்திருக்கேன்? எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

நான் கத்தி முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"போய் நாலு மூலையும் நடந்தன்" என்றார். "கல்லெல்லாம் வச்ச இடத்திலயே கிடக்கு. ஒருத்தரும் தொடேல்லை. வேலிக்கு ஆள் பிடிக்க ரோட்டுக்கு வந்தன். அந்தப் பக்கம் சித்தப்பான்ர காணி. பிள்ளையள் எல்லாம் லண்டன், கனடா. ஒருத்தரும் வரமாட்டினம். இந்தப் பக்கமும் ஆக்கள் இல்லை. பத்தைக் காடுதான். அந்த வெயிலுக்க நிண்டு யோசிச்சன். வேலி போட்டு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

ஜன்னல் வழியாக என் வேலி தெரிந்தது. நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. அந்தப் பக்கம் கிழவனின் சரிவு, இந்தப் பக்கம் டெக்சாஸ்காரர்களின் மனை. இரண்டிலும் இடுப்பளவு புல்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"அண்டைக்கு எனக்குத் தெரியாது பிள்ளை. பார்த்தாப் பிறகுதான் விளங்கினது."

வையவும் முடியவில்லை, போனை வைத்துவிடவும் முடியவில்லை. அங்கே ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, பழக்கதோஷம்தான், மெல்லக் கேட்டார்.

"வேலி நிக்குதோ?"

"ஜம்முனு நிக்குது. ஃபார் சேல் போர்டை அதுலதான் கட்டியிருக்கேன். கட்டி எட்டு மாசமாச்சு. பாக்க ஒரு ஈ காக்கா வரல."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் நடந்துகொண்டுதான் அழுதிருப்பார். ஸாரி என்று சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை.

"மூலையில புல் மூடாமப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். "வாங்க வாறவனுக்கு எல்லை தெரிய வேணும்."

போனை அப்படியே வைத்துவிட்டேன். இனி இந்த அம்மாவோடு பேச்சே வேண்டாம் என்று சத்தமாகவே சொன்னேன், கேட்க ஆளில்லாத வீட்டில். மறுநாள் காலையில் புல் வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாயில் வந்தபடியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நாலு மூலையையும் சுத்தம் பண்ணினேன். ரிப்பன்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன. புதிதாகக் கட்டினேன்.